பத்து லட்சம் ஏழு லட்சமான ஆண்டு: இலங்கையின் நெருக்கடியும் சேமலாப நிதியும்

மாமாவிடம் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கிறது. உள்ளே அவருடைய அங்கத்துவ அட்டையான பி கார்ட், வருடாவருடம் வந்த ஊழியர் சேமலாப நிதிக் (ஈபிஎஃப்) கணக்கு அறிக்கைகள், அவற்றோடு சேர்த்துக் குத்தி வைத்த ஒரு கொப்பித் தாள். வவுனியா வீட்டின் பழைய ஓட்டை இறக்கிவிட்டு நாலு அறைக்கும் புதுக் கூரை போட எவ்வளவு ஆகும் என்று ஒரு மேசன் எழுதிக் கொடுத்த மதிப்பீடு அது. 2021 கடைசியில் எழுதியது. அந்த மாதம்தான் மாமாவுக்கு 55 வயது முடிந்தது. சேமலாபக் காசை எடுக்கலாம் என்ற வயது.

அவர் எடுக்கவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை. இன்னும் கொஞ்சக் காலம் செய்யலாம், காசு அங்கேயே வட்டி போடட்டும் என்று விட்டுவிட்டார். 2023 ஜூன் கடைசியில் ஒரு நாள் இரவு போன் எடுத்தார்.

“தம்பி, எங்கட ஈபிஎஃப் காசில கை வைக்கப் போறாங்களாம். உண்மையோ?”

“மீதியில கை வைக்க மாட்டினம் மாமா. வட்டியிலதான் ஏதோ மாத்தம் வருது.”

நான் சொன்னது சரியான தகவல். ஆனால் உபயோகமில்லாத தகவல். அவருடைய சேமிப்பில் விழ வேண்டிய வெட்டு அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே விழுந்து முடிந்திருந்தது. அதை யாரும் அறிவிக்கவில்லை, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பும் நடக்கவில்லை, அதனால் மாமா அதைப் பற்றி என்னிடம் கேட்கவும் இல்லை.

நிதி எப்படி இருந்தது

இலங்கையில் அரச ஊழியருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையில் வேலை செய்பவருக்கு அது இல்லை. அவருக்கு இருப்பது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியம். சம்பளத்தில் 8 சதவீதம் தொழிலாளி போடுகிறார், 12 சதவீதம் முதலாளி போடுகிறார். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மொத்தமாக எடுக்கலாம். இதற்குப் பக்கத்தில் முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்டும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் ஒன்றும் இருக்கிறது, அது சிறியது.

அங்கத்தவர் விவகாரங்களைத் தொழில் திணைக்களம் பார்க்கிறது. காசை முதலீடு செய்வது மத்திய வங்கி. 2022 முடிவில் நிதியின் அளவு ஏறக்குறைய 3.4 டிரில்லியன் ரூபாய், நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் சுமார் ஏழில் ஒரு பங்கு. அதில் 90 சதவீதத்துக்கு மேல் அரசாங்கத்தின் திறைசேரி முறிகளிலும் (நீண்ட காலக் கடன் பத்திரங்கள்) உண்டியல்களிலும் (ஒரு வருடம் வரையான குறுங்காலப் பத்திரங்கள்) இருந்தது. பங்குச் சந்தையில் மிகச் சிறிய தொகை. வெளிநாட்டில் சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் ஆரம்பம் முதலே இருக்கிறது. அரசாங்கத்துக்காகச் சந்தையில் கடன் வாங்கிக் கொடுத்ததும் மத்திய வங்கி. அந்தக் கடன் பத்திரங்களைத் தொழிலாளர் பேரில் வாங்கியதும் அதே மத்திய வங்கி. விற்பவரும் வாங்குபவரின் முகவரும் ஒரே கட்டடத்தில். திறைசேரி முறி ஏலத்தில் முறைகேடு என்று எழுந்த 2015 பிணைமுறி விவகாரத்தில் ஜனாதிபதி ஆணைக்குழு வரை போன பின்னும் இந்த அமைப்பு மாறவில்லை. கடன் முகாமைக்கென்று தனி அலுவலகம் அமைக்கச் சட்டம் வந்தது 2024இல்தான்.

சரி, அரசாங்கப் பத்திரம்தானே, அதைவிடப் பாதுகாப்பு எது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரூபாய்க் கடனை அரசாங்கம் ரூபாயாகத் திருப்பித் தரும், அதில் சந்தேகம் குறைவு. அந்த ரூபாயால் அன்றைக்கு என்ன வாங்கலாம் என்பதைப் பற்றித்தான் எந்தப் பத்திரமும் வாக்குக் கொடுப்பதில்லை.

2022

மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கையை எடுத்தது. 200க்குச் சற்று மேலே இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தீர்மானிக்கும் கொள்கை வட்டி ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏறியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2021 டிசம்பர் கடைசியில் லீட்டர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல் 2022 ஜூன் கடைசியில் 470. ஓகஸ்ட்டில் மின்கட்டணம் 75 சதவீதம் ஏறியது; அடுத்த பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9.

அந்த வருடம் சேமலாப நிதி அங்கத்தவர்களுக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம்.

ஓர் அங்கத்தவரின் கணக்கில் 2021 டிசம்பர் முடிவில் சரியாக 10 லட்சம் ரூபாய் இருந்தது, அதற்குப் பிறகு புதிதாக ஒரு சதமும் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2022 முடிவில் அவருடைய அறிக்கையில் 10 லட்சத்து 90 ஆயிரம் என்று வரும். அதே பன்னிரண்டு மாதத்தில் விலைகள் 57.2 சதவீதம் ஏறியிருந்தன. 2021இன் விலையில் பார்த்தால் அந்த 10.9 லட்சத்தின் பெறுமதி 6 லட்சத்து 93 ஆயிரம். மூன்று லட்சம் போய்விட்டது. அறிக்கையிலோ 90 ஆயிரம் கூடியிருக்கிறது.

மாமாவின் கோப்பில் அந்த வருட அறிக்கையைப் பார்த்தேன். ‘வட்டி’ என்ற வரியின் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார். சந்தோஷத்தில் இழுத்த கோடுதான்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் நிதி நன்றாகவே செய்தது. 2023க்கு 13 சதவீதமும் 2024க்கு 11 சதவீதமும் வட்டி வந்தது. விலையேற்றம் 2023 டிசம்பரில் 4 சதவீதமாக இறங்கி, 2024 டிசம்பரில் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 1.7 வரை போனது. நம்முடைய 10 லட்சக்காரருக்கு 2023 முடிவில் கணக்கில் 12 லட்சத்து 32 ஆயிரம். பழைய விலையில் ஏழரை லட்சம். 2024 முடிவில் கணக்கில் 13 லட்சத்து 67 ஆயிரம்; பழைய விலையில் எட்டரை லட்சம். டொலரில் போட்டுப் பார்த்தாலும் கதை கிட்டத்தட்ட அதேதான்: தொடக்கத்தில் 5,000 டொலர், 2022 முடிவில் 3,000, 2024 முடிவில் 4,670.

மூன்று வருடம் கைபடாமல் வைத்திருந்தும், வட்டியெல்லாம் சேர்த்தும், புறப்பட்ட இடத்துக்கு ஏழில் ஒரு பங்கு பின்னால் நிற்கிறார்.

ஐந்து நாள் விடுமுறை

இப்போது 2023 ஜூனுக்கு வரலாம். மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவிக்கு ஒப்புதல் தந்திருந்தது. அதற்கு அரசாங்கக் கடன் குறிப்பிட்ட அளவுக்கு இறங்க வேண்டும். வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்களிடம் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது, உள்நாட்டிலும் ஏதாவது செய்து காட்ட வேண்டும். அதற்கு உள்நாட்டுக் கடன் உகப்பாக்கம் என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தமிழ்ச் சொல் யார் வாயிலும் நுழையவில்லை. சனங்கள் ‘ஹெயார்கட்’, அதாவது கடன் வெட்டு, என்றே சொன்னார்கள்.

ஜூன் 29 வியாழன் ஹஜ் பெருநாள். 30ஆம் திகதி வெள்ளியை விசேட வங்கி விடுமுறையாக்கினார்கள். பிறகு சனி, ஞாயிறு, திங்கள் போயா எனும் பௌர்ணமி விடுமுறை. வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாள் பூட்டு. ஏடிஎம்களின் முன்னால் வரிசை நீண்டது. சனிக்கிழமை, ஜூலை 1, நாடாளுமன்றம் 122க்கு 62 என்ற வாக்கில் திட்டத்தை ஏற்றது.

வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடவில்லை. தனியாரிடம் இருந்த முறிகளையும் உண்டியல்களையும் தொடவில்லை. மத்திய வங்கி தன்னிடம் இருந்த உண்டியல்களை மாற்றிக்கொண்டது. மீதி யார்? ஓய்வுகால நிதிகள். அவற்றுக்கு ஒரு தெரிவு கொடுத்தார்கள்: கையில் உள்ள முறிகளைக் கொடுத்துவிட்டு 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளை வாங்கிக்கொள்ளலாம்; அவை தொடக்கத்தில் 12 சதவீதமும் அப்புறம் முதிர்வு வரை 9 சதவீதமும் வட்டி தரும். மாட்டேன் என்றால், முறி வருமானத்துக்கு அதுவரை இருந்த 14 சதவீத வரி 30 சதவீதமாகும். இதைத் தெரிவு என்று சொல்ல எனக்குக் கை கூசுகிறது. செப்டெம்பரில் சேமலாப நிதி 2.6 டிரில்லியன் ரூபாய்க்கு மேற்பட்ட முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்கிக்கொண்டது. அங்கத்தவருக்குக் குறைந்தது 9 சதவீத வட்டி என்று அரசாங்கம் உறுதி சொன்னது.

வங்கிகளை ஏன் விட்டார்கள் என்பதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது: அவை ஏற்கெனவே வருமானத்தில் பாதிக்கு மேல் வரியாகக் கட்டுகின்றன, வெளிநாட்டுக் கடன் முறிகளிலும் வாராக்கடன்களிலும் அடிபட்டிருக்கின்றன, இன்னோர் அடி விழுந்தால் வைப்புக்காரர் வரிசையில் நிற்பார்கள். இது வெற்று வாதம் இல்லை. லெபனானில் வங்கிகள் மூடிக்கொண்டபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு காரணத்தையும் சொல்லத்தான் வேண்டும். வங்கியில் போட்டவர் மறுநாள் காலையில் போய்க் காசைக் கேட்கலாம். சேமலாப அங்கத்தவர் எடுக்கும் வயது வரும்வரை முழுக் காசையும் கேட்க முடியாது. ஓடிப்போக முடியாத காசு எதுவோ அதில் கை வைப்பது சுலபம்.

அந்தக் கோடையில் கோபம் முழுவதும் இந்தத் திட்டத்தின் மேல்தான் இருந்தது. நானும் கோபப்பட்டேன். இப்போது கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. மாற்றிக்கொண்ட நேரத்தில் சந்தையில் முறிகள் அதைவிட உயர்ந்த வட்டி கொடுத்தன, அதோடு பார்த்தால் 12ம் 9ம் இழப்பு. ஆனால் அந்தச் சந்தை வட்டி நிலைக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்குள் நன்றாகவே இறங்கிவிட்டது. மத்திய வங்கியின் இப்போதைய பணவீக்க இலக்கு 5 சதவீதம். அது உண்மையாகவே 5இல் நின்றால், 9 சதவீதம், விலையேற்றம் போக, 4 சதவீத மெய் வருமானம் தரும். இது மோசமில்லை.

பிரச்சினை அந்த ‘நின்றால்’ என்ற சொல்லில் இருக்கிறது. 2038 வரை மாறாத வட்டியில் நிதியின் பெரும்பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. நடுவில் 2022 போல இன்னோர் ஆண்டு வந்தால், மறுபடியும் அதே 9, மறுபடியும் அதே கோடு.

எதைப் பார்த்து மீட்சி என்பது

இலங்கை மீண்டுவிட்டது என்று சொல்ல ஆதாரங்கள் நிறைய உண்டு. 2022இல் 7.3 சதவீதமும் 2023இல் 2.3 சதவீதமும் சுருங்கிய பொருளாதாரம் 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கக்கூட டொலர் இல்லாமல் தவித்த நாட்டின் கையிருப்பு 2024 முடிவில் 6 பில்லியன். சர்வதேச முறிகளின் கடன் மாற்றம் அந்த டிசம்பரில் முடிந்தது. பெட்ரோல் நிலையத்தில் அப்போது வரிசையும் இல்லை, பங்கீட்டுக்கான கியூஆர் கோடும் இல்லை. 2022 ஜூலையில் மூன்று நாள் வரிசையில் படுத்தெழும்பியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வளர்ச்சி வீதத்தை அப்படியே விழுங்கக் கூடாது. 2021ஐ 100 என்று வைத்தால், 2022இல் 92.7, 2023இல் 90.6. அதற்கு மேல் 5 சதவீதம் ஏறினால் 95. மீட்சி என்று கொண்டாடப்பட்ட ஆண்டின் முடிவிலும் நாடு பழைய இடத்துக்கு வரவில்லை. பணவீக்கத்திலும் இதே மயக்கம். 70 சதவீதம் 1.3 ஆனபோது விலை இறங்கிவிட்டதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். விலை ஏறுவது நின்றது, அவ்வளவுதான். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. 2025 தொடக்கத்தில் சுட்டெண் உண்மையாகவே கீழே போனதற்கு மின்கட்டணத்தை 20 சதவீதம் குறைத்தது பெரிய காரணம்.

உலக வங்கியின் வறுமைக் கணக்கு இன்னொரு படம் காட்டுகிறது. 2019இல் 11.3 சதவீதம், 2024இல், அதாவது 5 சதவீதம் வளர்ந்த அதே ஆண்டில், 24.5 சதவீதம்.

மலையகத்தைப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய். அடுத்த உயர்வு 2024இல் வந்தது: 1,350. சம்பளம் 35 சதவீதம் கூடியது, விலைகள் அதற்குள் 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டன. சேமலாபம் சம்பளத்தின் 20 சதவீதம் என்பதால், பழைய மீதி தேய்ந்தது ஒரு பக்கம், புதிதாகச் சேர்வதும் பழைய விலையில் குறைந்துவிட்டது இன்னொரு பக்கம். கொழுந்துக் கூடை அதே பாரம்தான்.

அப்படியானால் யாருக்கு மீட்சி வந்தது? கடன்பட்டவருக்கு முதலில் வந்தது. 2021இல் நாட்டின் உற்பத்தி, அன்றன்றைய விலையில், சுமார் 17.6 டிரில்லியன் ரூபாய். 2022இல் சுமார் 24 டிரில்லியன். உண்மையான உற்பத்தி குறைந்த ஆண்டில் ரூபாய்க் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கியது. பழைய ரூபாய்க் கடன் மட்டும் அதே ரூபாயாக நின்றது. வரி வருமானம் விலையோடு சேர்ந்து ஏறும், பழைய முறியின் வட்டி ஏறாது. அரசாங்கத்தின் ரூபாய்க் கடன் சுமை இலேசானதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த முறிகளில் பெரும் பங்கை வைத்திருந்தது சேமலாப நிதி. பேரேட்டின் இடப்பக்கத்தில் அரசாங்கத்தின் மீட்சி என்று எழுதியிருப்பதுதான் வலப்பக்கத்தில் மாமா போன்ற ஓர் அங்கத்தவரின் மூன்று லட்சம். வளர்ச்சி வீதத்தை வைத்துக்கொண்டு அவரிடம் போய் நாடு மீண்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அவருடைய மீதி 2021இன் விலையில் 10 லட்சத்தைத் தொடும் நாளில் சொல்லலாம்.

எடுத்திருக்கலாமா

மாமாவோடு ஒரே களஞ்சியத்தில் வேலை செய்த இன்னொருவர் 2022 ஒக்டோபரில் சேமலாபக் காசைக் கோரும் கே படிவத்தை நிரப்பிக்கொண்டு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போனார். கிடைத்த காசை வங்கியில் ஒரு வருட நிலையான வைப்பில் போட்டார். அப்போது வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேல் கொடுத்தன; திறைசேரி உண்டியல்களில் 30 சதவீதத்தை ஒட்டியும் கிடைத்தது. 2023இல் சேமலாப நிதியின் 13 சதவீதத்தோடு ஒப்பிட்டால் அவர் கெட்டிக்காரர். மாமா அவரைப் பற்றி இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்.

நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். 2022 ஒக்டோபரில் உண்டியல்களையும் வெட்டுவார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. அந்த 30 சதவீதமே அந்தப் பயத்துக்கான விலைதான். வங்கிகள் தப்புமா என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. அவர் ஒரு சூதில் இறங்கி வென்றார். அதிலும் 2022இன் அடியை அவரும் வாங்கியே இருந்தார். உயர்ந்த வட்டி கிடைக்கும்போது விலை ஏற்கெனவே ஏறி முடிந்திருந்தது. அப்புறம் 2024இல் அந்த வைப்பைப் புதுப்பிக்கப் போனபோது 8, 9 சதவீதம்தான் கொடுத்தார்கள். எடுக்கும் வயதாகாதவர்களுக்கு இந்தச் சூதுகூடக் கிடையாது. பத்து வருடம் சந்தா கட்டியவர்கள் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். பலர் எடுத்தார்கள், பெரும்பாலும் சாப்பாட்டுச் செலவுக்குத்தான் போயிருக்கும்.

ஒரு தனி மனிதர் செய்திருக்கக்கூடிய ஒரே பயனுள்ள காரியம் 2022 ஜனவரியில் கூரையைப் போட்டிருப்பதுதான். விலை ஏறப்போகும் காலத்தில் காசை விடத் தகரம் நல்லது. இதை எந்த நிதி ஆலோசகரும் எழுதிக் கொடுக்க மாட்டார், எங்கள் அம்மம்மா காலத்தில் நெல்லாகவும் தங்கமாகவும் வைத்திருந்தவர்கள் சொல்லாமலே செய்தார்கள். எல்லோரும் அப்படிச் செய்தால் விலை இன்னும் வேகமாக ஏறும் என்பது வேறு கதை.

நிதியின் மட்டத்தில் செய்யக்கூடியது வேறு. விலையோடு சேர்ந்து வட்டி மாறும் முறிகளை அரசாங்கம் இந்த நிதிக்காவது வெளியிட்டிருக்கலாம். ஒரு பங்கை வெளிநாட்டுச் சொத்தில் வைத்திருந்தால் ரூபாய் விழுந்தபோது அந்தப் பகுதி எழும்பியிருக்கும். முறிகளை மாற்றிக்கொள்ள முடிவெடுத்த மேசையில் சந்தா கட்டுபவர்களின் ஆள் ஒருவராவது இருந்திருக்கலாம்.

மாமா 2025 தொடக்கத்தில் காசை எடுத்தார். அந்த மேசனையே கூப்பிட்டார். அவர் பழைய தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்பக்கத்திலேயே புதுக் கணக்கு எழுதினார். சீமெந்தும் தகரமும் உச்சத்திலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தன, 2021 பக்கம் கிட்டவும் வரவில்லை. மூன்று அறைக்குப் போட்டாயிற்று. நாலாவது, பின்பக்கத்து அறைக்குப் பழைய ஓடே இருக்கிறது. மழைக்கு முன்னால் மாமா ஏணி வைத்து ஏறி, உடைந்ததை மட்டும் மாற்றுகிறார்.